எட்டு வார உலகமய வகுப்பு: முன்பாதிக்காகச் சேரலாம், பின்பாதிக்குப் பொறுமை வேண்டும்

2025 ஏப்ரல் 2ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிப் பிடித்து நாடுவாரியாக வரி அறிவித்தார் அல்லவா, அன்றிரவு எங்கள் பழைய நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே அடிதடி. அந்த வரியைக் கட்டப்போவது யார் என்பதுதான் சண்டை. அனுப்புகிற நாடுதான் கட்டும் என்று பாதிப் பேர், வாங்குகிறவன் தலையில்தான் விடியும் என்று மீதிப் பேர். நான் இரண்டாவது கட்சி. ஆனால் "எப்படி, விளக்கு பார்ப்போம்" என்று ஒருவன் மடக்கியபோது இரண்டு வாக்கியத்துக்கு மேல் என்னிடம் சரக்கில்லை. அந்த எரிச்சலில்தான், உலகமயமும் ஆங்கிலத்தில் பாப்புலிசம் என்கிற ஜனரஞ்சக அரசியலும் நாடுகளின் அரசியலையும் வர்த்தகத்தையும் எப்படிப் புரட்டிப் போடுகின்றன என்று சொல்லித்தரும் எட்டு வார இணைய வகுப்பு ஒன்றில் காசு கட்டிச் சேர்ந்தேன். முடித்தும்விட்டேன், சான்றிதழும் வந்துவிட்டது, அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

நடத்துகிற நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. குறை நிறையச் சொல்லப்போகிறேன், வம்பு வேண்டாம். தவிர, இதே அச்சில் வார்த்த வகுப்புகள் இன்னும் பல இருக்கின்றன, எதில் சேர்ந்தாலும் நீங்கள் கவனிக்க வேண்டியவை ஏறக்குறைய இவைதான். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த மூன்றும் முதல் ஐந்து வாரத்துக்கு.

வாரத்துக்கு ஐந்தாறு காணொலிகள், ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடம், அப்புறம் ஒரு பயிற்சி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரலையில் கேள்வி பதில். ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒருவர் சுங்கத் துறையிலும் வர்த்தகப் பேச்சுவார்த்தைகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் அரசியல் அறிவியல் பேராசிரியர். வகுப்பின் நல்லது கெட்டது இரண்டுமே இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது, போகப் போகப் புரியும்.

முதல் இரண்டு வாரம் வரலாறு. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 கன்டெய்னர்களை ஏற்றி அனுப்பிய கப்பல், 1947இல் ஜெனீவாவில் வர்த்தகத் தடைகளைக் குறைக்க 23 நாடுகள் கையெழுத்திட்ட காட் ஒப்பந்தம், 1995இல் உலக வர்த்தக அமைப்பு, 2001 டிசம்பரில் அதில் சீனா. நாளிதழ் படிக்கிறவர்களுக்குப் பாதி தெரிந்ததுதான். ஆனால் கன்டெய்னர் பற்றிய காணொலியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். சரக்கை மூட்டை மூட்டையாக ஆள் வைத்துக் கப்பலில் ஏற்ற டன்னுக்கு ஆறு டாலருக்குச் சற்றுக் குறைவாக ஆன காலத்தில், அந்தப் பெட்டிகளில் போட்டு ஏற்றியபோது 16 சென்ட் அளவில் முடிந்திருக்கிறது. உலகமயம் என்றாலே நமக்குக் கோட்டு போட்டவர்கள் கையெழுத்திடும் படம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கையெழுத்துகளுக்கு இணையாக ஒரு பெட்டியும் வேலை பார்த்திருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி.

மூன்றாவது வாரம்தான் அசல் சாப்பாடு. சுங்கத்துறைக்காரர் வந்து, வரி என்பது கொள்கையாகப் பிறந்தாலும் ஒரு மேசையில்தான் வசூலாகிறது, வாருங்கள் அந்த மேசைக்குப் போவோம் என்று ஆரம்பிக்கிறார். உலகம் முழுக்கப் பொருள்களுக்கு ஒரே மாதிரி ஆறு இலக்க எண் இருக்கிறது, எச்.எஸ். கோடு என்பார்கள். எந்தப் பொருள் எந்த எண்ணுக்குள் விழுகிறது என்பதுதான் வரியைத் தீர்மானிக்கிறது. பயிற்சியில் பத்துப் படங்கள் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னார். நான் ஆறு தப்பு. அதில் ஒன்று ஒரு கேன்வாஸ் ஷூ. ரப்பர் அடிப்பாகம், சந்தேகமே இல்லை என்று டிக் அடித்தேன். அடுத்த படத்தில் அதே ஷூவின் அடிப்பாகத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்: ரப்பர் மேலே மெல்லிசாக, பஞ்சு மாதிரி ஒரு துணிப் பூச்சு. நடந்தால் சில நாளில் தேய்ந்து போய்விடும். ஆனால் துறைமுகத்தில் இறங்கும் நேரத்தில் தரையைத் தொடும் பரப்பில் பாதிக்கு மேல் துணி இருந்தால் அது வேறு வகை, வரி பல மடங்கு குறைவு. வீட்டில் இருந்த ஷூக்களை எல்லாம் அன்று இரவே கவிழ்த்துப் பார்த்தேன், எல்லாம் தேய்ந்த பழசு, ஒன்றும் தெரியவில்லை.

இன்னொன்று எக்ஸ்மென் என்கிற காமிக்ஸ் நாயகர்களின் பொம்மை வழக்கு. அமெரிக்காவில் மனித உருவப் பொம்மைக்கு 12 சதவீத வரி, மற்ற விளையாட்டுச் சாமான்களுக்கு 6.8 சதவீதம் என்று இருந்தது. இறக்குமதி செய்த நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போய், எங்கள் நாயகர்கள் மனிதர்களே கிடையாது என்று வாதாடி 2003இல் ஜெயித்தது. கதை முழுக்க "நாங்களும் மனிதர்கள்தான்" என்று போராடுகிற பாத்திரங்கள் அவர்கள்! பேசும்போது அவருக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை.

அப்புறம் வேன் கதை. 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கு வரியைக் கூட்டின, அதற்குப் பதிலடியாக 1964இல் அமெரிக்கா சரக்கு வண்டிகளுக்கு 25 சதவீதம் போட்டது. ஃபோர்டு வேன் கொண்டுவந்த காலத்தில், ஆட்களை ஏற்றும் வண்டி என்றால் 2.5 சதவீதம்தான். ஆகவே ஃபோர்டு நிறுவனம் துருக்கியில் செய்த டிரான்ஸிட் கனெக்ட் வேன்களைப் பின்னிருக்கை வைத்து, பின் ஜன்னல் வைத்து, ஆள் ஏற்றும் வண்டியாகக் கொண்டுவந்து இறக்கியது. சுங்கத்தைத் தாண்டியதும் பால்டிமோரில் அந்த இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டுச் சரக்கு வேனாக விற்றது. புது இருக்கை, யாரும் ஒரு நாள்கூட உட்காராதது. கடைசியில் வழக்கில் தோற்று, 2024இல் 36.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. கோழிச் சண்டை முடிந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது, வரி மட்டும் அப்படியே இருக்கிறது. கூடவே பிராந்திக்கும் உருளைக்கிழங்கு மாவுக்கும் போட்ட வரி எல்லாம் போய்விட்டது, லாரி வரி போகவில்லை. ஏன் என்றால் அதற்குள் அந்த வரியின் நிழலில் ஒரு தொழிலே வளர்ந்துவிட்டது, அதில் கை வைக்க எந்தக் கட்சிக்கும் துணிச்சல் இல்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வரி போடுவதற்கு ஒரு நாள் கோபம் போதும், எடுப்பதற்கு அறுபது வருடமும் போதவில்லை என்பதை அதைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது.

நான்காவது வாரம், என் வாட்ஸ்அப் சண்டைக்கு விடை கிடைத்த வாரம். வரியைச் சுங்கத்தில் கட்டுவது இறக்குமதி செய்கிறவர், அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, ரசீதே அவர் பெயரில்தான். அதன் பிறகு அந்தச் சுமை எங்கெல்லாம் நகர்கிறது என்பதுதான் கேள்வி. வெளிநாட்டு விற்பனையாளர் விலையைக் குறைத்துக் கொஞ்சம் தாங்கலாம், இறக்குமதியாளர் லாபத்தில் கொஞ்சம் விடலாம், மீதி கடையில் வாங்குகிறவருக்கு வரும். 2018, 2019இல் அமெரிக்கா போட்ட வரிகளை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்கள், வெளிநாட்டு விற்பனையாளர்கள் விலையை அனேகமாகக் குறைக்கவே இல்லை, சுமை ஏறத்தாழ முழுசாக அமெரிக்காவுக்குள்ளேயே இறங்கியது என்று கண்டுபிடித்தார்கள்.

இதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் வாஷிங் மெஷின். ஒரு வாரம் முழுக்க ஒரே ஒரு பொருள், அலுக்கவே இல்லை. கதை 2012இலேயே தொடங்குகிறது. கொரியாவிலும் மெக்சிகோவிலும் செய்த மெஷின்களுக்கு மட்டும் அமெரிக்கா தண்டவரி போட்டது, நிறுவனங்கள் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றின. சீனாவுக்குப் போட்டார்கள், வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் மாற்றின. வரி துரத்துகிறது, தொழிற்சாலை ஓடுகிறது. கடைசியில் 2018 ஜனவரியில் அனேகமாக எந்த நாடாக இருந்தாலும் சரி என்று மொத்தமாகப் போட்டார்கள், முதல் 12 லட்சம் மெஷினுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் 50. விலை சுமார் 12 சதவீதம், அதாவது ஒரு மெஷினுக்கு 86 டாலர் ஏறியது. இதுவரை எதிர்பார்த்ததுதான். வேடிக்கை என்னவென்றால் துணி உலர்த்தும் டிரையருக்கு வரியே கிடையாது, அதன் விலையும் 92 டாலர் ஏறியது! ஏன்? அங்கே இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குகிறார்கள், ஏற்றத்தை இரண்டு பெட்டிக்கும் பகிர்ந்துவிட்டார்கள். உள்நாட்டில் செய்கிற நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை, போட்டியாளரின் விலை ஏறினால் நாம் ஏன் பழைய விலைக்கு விற்க வேண்டும் என்று கூடவே ஏற்றிவிட்டார்கள்.

இதனால் சுமார் 1,800 பேருக்கு வேலை கிடைத்தது, அது உண்மை. ஆனால் வாங்கியவர்கள் கூடுதலாகக் கொடுத்தது வருடத்துக்கு 150 கோடி டாலர், அரசுக்கு வரியாக வந்தது 8.2 கோடி. வரியைக் கழித்துவிட்டு வகுத்தால் ஒரு வேலைக்கு 8 லட்சத்து 15 ஆயிரம் டாலர் அளவில் வருகிறது என்று அந்த ஆய்வு சொல்கிறது. காணொலியை நிறுத்திவிட்டு நானே கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட அதேதான் வந்தது. இந்த ஒரு வாரத்துக்காகவே சேரலாம் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் குழுவில் முதல் கட்சிக்காரர்களுக்கு இந்த டிரையர் கணக்கை அனுப்பினேன், ஒருவன் கட்டைவிரல் காட்டினான், மற்றவர்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள்.

இந்த இடத்தில், திரையின் கீழே ஓடும் வசன வரிகளைப் (சப்டைட்டில்) பற்றிப் புலம்பியே ஆக வேண்டும். "தமிழ் வசன வரிகள் உண்டு" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், நான் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இயந்திரம் மொழிபெயர்த்ததை ஒரு மனிதர்கூடக் கண்கொண்டு பார்க்காமல் ஏற்றியிருக்கிறார்கள். சுங்க வரி வருகிற இடமெல்லாம் "வழக்கக் கடமை". அந்நியச் சந்தையில் அடிமாட்டு விலைக்குச் சரக்கைக் குவிப்பதைக் "குப்பை கொட்டுதல்" என்று போட்டு, சீனா எஃகைக் குப்பை கொட்டியது, அதற்கு எதிராகக் குப்பை எதிர்ப்புக் கடமை விதிக்கப்பட்டது என்று திரையில் ஓடுகிறது. எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே சலுகை என்ற விதி "மிகவும் பிடித்த நாடு" ஆகிவிட்டது. ஒரு நிமிடம் சிரிப்பு வரும், பத்தாவது நிமிடம் கோபம் வரும். ஆங்கிலம் கைகொடுக்காத ஒருவர் இதை நம்பிக் காசு கட்டியிருந்தால் அவர் கதி என்ன? உதவி மையத்துக்கு எழுதினேன், ஒன்பது நாள் கழித்து "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி வந்தது, அதுவும் அதே இயந்திரத் தமிழில்.

ஐந்தாவது வாரம் இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து எடுத்தது, வகுப்பிலேயே அடர்த்தியான பகுதி. பொருளாதார வல்லுநர்கள் பிராங்கோ மிலானோவிச்சும் கிறிஸ்டோஃப் லாக்னரும் வரைந்த யானை வளைவைத் திரையில் போட்டு விளக்கினார்கள். 1988 முதல் 2008 வரை உலக மக்களை வருமான வரிசையில் நிறுத்தி யாருக்கு எவ்வளவு கூடியது என்று பார்த்தால், நடுவில் இருந்த ஆசியர்களுக்கு நன்றாகக் கூடியிருக்கிறது, அது யானையின் முதுகு. உச்சியில் இருந்த ஒரு சதவீதத்துக்கும் கூடியிருக்கிறது, அது தூக்கிய தும்பிக்கை. இரண்டுக்கும் நடுவே, பணக்கார நாடுகளின் கீழ் நடுத்தர வர்க்கம், அங்கே கிட்டத்தட்டப் பூஜ்யம். சீனப் போட்டியால் 1999 முதல் 2011 வரை அமெரிக்காவில் 20 முதல் 24 லட்சம் வேலைகள் போயின என்ற கணக்கும் வந்தது. அந்த வேலைகள் நாடு முழுக்கச் சீராகப் போகவில்லை, மரச்சாமான் செய்த ஊர், துணி நெய்த ஊர் என்று குறிப்பிட்ட சில இடங்களில் கொத்தாகப் போயின. பாடப்புத்தகம் என்ன சொன்னது, ஆட்கள் வேறு ஊருக்கு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்று. அவர்கள் போகவில்லை. வீட்டை விற்க ஆள் இல்லாத ஊரில் வீட்டை விற்றுவிட்டு எங்கே போவது?

நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு கொடுப்போம் என்ற வாக்குறுதியும் இருந்தது. கென்னடி காலத்தில், 1962இல், வர்த்தகத்தால் வேலை இழந்தவர்களுக்கு உதவித் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். அதற்கான ஒப்புதல் 2022 ஜூன் முடிவோடு காலாவதியாகி, புது விண்ணப்பங்களை ஏற்பதே நின்றுவிட்டது. இந்தத் தகவலை ஒரு துணைக் குறிப்பாகத்தான் போட்டிருந்தார்கள். எனக்கு அது ஒரு முழுக் காணொலிக்கு உரிய விஷயமாகப் பட்டது. கூட்டிக் கழித்தால் நாட்டுக்கு லாபம் என்று எல்லாப் பாடத்திலும் வருகிறது, லாபம் பார்த்தவர் நஷ்டப்பட்டவருக்குக் கொடுத்துச் சரிக்கட்டலாம் என்றும் வருகிறது. அந்த "கொடுக்கலாம்" என்பது "கொடுத்தார்கள்" ஆகவில்லை என்பதிலிருந்துதானே அடுத்த வாரப் பாடமே தொடங்குகிறது.

அடுத்த வாரம் என்றால் ஆறும் ஏழும். பேராசிரியர் தனியாக. இங்கேதான் வண்டி சறுக்கியது.

ஒரு சொல்லாராய்ச்சி முதலில். இந்த அரசியலுக்குத் தமிழில் ஜனரஞ்சகவாதம், வெகுஜனவாதம், வெகுமக்கள்வாதம் என்று ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம், எதுவும் ஒட்டவில்லை. ஜனரஞ்சகம் என்றால் சினிமா நினைவுக்கு வருகிறது. விஷயம் அதுவல்லவே. கள்ளம் கபடமற்ற மக்கள் ஒரு பக்கம், அழுகிப் போன மேல்தட்டு மறுபக்கம், மக்களின் குரலாக நான் ஒருவன்தான் என்கிற அரசியல் அது. அரசியல் ஆய்வாளர் காஸ் முட்டேயின் இந்த விளக்கத்தைப் பேராசிரியர் நன்றாகவே சொன்னார். சொந்தமாக இது ஒரு மெல்லிய கொள்கைதான், இடதுசாரி, வலதுசாரி எதனோடும் ஒட்டிக்கொள்ளும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, அடுத்த ஒன்பது காணொலிகளில் அதை அவரே மறந்துவிட்டார். 2016 ஜூன் 23 பிரெக்ஸிட், 51.9 சதவீதம், அதே நவம்பரில் டிரம்ப், ஆகவே ஜனரஞ்சகம் என்றால் வரிச்சுவர், வரிச்சுவர் என்றால் ஜனரஞ்சகம். இதுதான் இரண்டு வாரமும்.

இது ஒத்துவரவில்லை என்று காட்டப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். பிரெக்ஸிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வரச் சொன்னவர்களில் முக்கியமான ஒரு கூட்டம், உலகம் முழுக்கத் தடையில்லாமல் வர்த்தகம் செய்யத்தான் வெளியே வருகிறோம் என்றது. வந்த பிறகு பிரிட்டன் 2024 டிசம்பரில் பசிபிக் நாடுகளின் வர்த்தகக் கூட்டில் போய்ச் சேர்ந்தது. எந்தக் கூட்டு? 2017 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற வேகத்தில் விலகிய ஒப்பந்தத்தை மீதி 11 நாடுகள் திருத்தி எடுத்துக்கொண்டார்களே, அதே கூட்டு. பெருவில் ஃபுஜிமோரி 1990 அதிபர் தேர்தலில், விலைக் கட்டுப்பாட்டை ஒரே அடியாக எடுக்கிற அதிர்ச்சி வைத்தியம் வேண்டாம் என்று பிரசாரம் செய்து ஜெயித்து, வந்த இரண்டு வாரத்தில் அதே வைத்தியத்தைச் செய்து சந்தையைத் திறந்துவிட்டார். அர்ஜென்டினாவில் பழைய அதிபர் பெரோன் கட்டிய வரிச்சுவரை இடித்தவர் பெரோன் கட்சியிலிருந்தே வந்த பின்னாள் அதிபர் மெனெம். அதே நாட்டில் இப்போதைய அதிபர் மிலே மேல்தட்டைத் திட்டுவதில் யாருக்கும் சளைத்தவர் இல்லை, இறக்குமதித் தடைகளையோ குறைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வகுப்பில் வரவே இல்லை. இந்த அரசியலுக்கு ஆங்கிலத்தில் பெயர் கொடுத்ததே 1890களின் அமெரிக்க மக்கள் கட்சிதான். 1892இல் ஒமாஹாவில் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில், சுங்கவரி பற்றி இரண்டு பெரிய கட்சிகளும் போடுகிற சண்டையே பொய்ச் சண்டை, கொள்ளை போகிற மக்களின் கூக்குரலை அமுக்கத்தான் அந்தச் சத்தம் என்று எழுதியிருந்தார்கள். அசல் ஜனரஞ்சகக் கட்சி சுங்கவரியைத் திசைதிருப்பும் வேலை என்று சொன்னது! இதைவிட்டுவிட்டு ஒரு பாடம் நடத்த முடியுமா? நேரலையில் கேட்டேன். "சுவாரஸ்யமான பார்வை, நேரம் இல்லை" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மறுபக்கமும் அப்படித்தான். டிரம்ப் சீனாவுக்குப் போட்ட வரிகளைப் பைடன் எடுக்கவில்லை, 2024இல் சீன மின்சாரக் கார்களுக்கு 25 சதவீதத்தை 100 ஆக்கினார். ஐரோப்பிய ஒன்றியமும் அதே வருடம் அக்டோபரில், இருக்கிற 10 சதவீதத்துக்கு மேல் 35.3 சதவீதம் வரை ஏற்றியது. பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகளை யாராவது ஜனரஞ்சகவாதிகள் என்பார்களா? மேடையில் முழங்குகிறவர் ஆரம்பித்ததை, மேடையே ஏறாத அதிகாரி கோப்பில் எழுதித் தொடர்கிறார். என் கண்ணுக்கு இந்தப் பத்து வருடத்தின் உண்மையான மாற்றம் இதுதான், இதற்கு வகுப்பில் மொத்தமாக நான்கு நிமிடம்.

இன்னொரு மனத்தாங்கல், வாக்களித்தவர்களைப் பற்றிப் பேசும் தொனி. ஏமாந்தவர்கள், புரியாதவர்கள், போலிச் செய்தி பார்ப்பவர்கள். ஐந்தாவது வாரத்தில் யானை வளைவைக் காட்டிய அதே மனிதர்தான் பேசுகிறார். 2018 ஜூலையில் சீனா பதிலடியாக அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதம் போட்டது, வாங்குவதைப் பிரேசிலுக்கு மாற்றிக்கொண்டது, அடிபட்ட விவசாயிகளுக்கு அரசு இரண்டு வருடத்தில் 2,800 கோடி டாலர் உதவி அறிவித்தது. அடிபட்டும் அவர்களில் பலர் திரும்ப டிரம்புக்கே ஏன் ஓட்டுப் போட்டார்கள் என்பது அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. "அறியாமை" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டால் அதற்கு எதற்கு எட்டு வாரம். தன் பேரைச் சொல்லி ஒருவன் கடைசியில் சண்டை போட்டானே என்கிற உணர்ச்சிக்கு டாலரில் மதிப்புப் போட முடியாதுதான், அதற்காக அது இல்லை என்று ஆகிவிடுமா.

பணக்கார மேற்கு நாடுகளைத் தாண்டினால் இருட்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019 நவம்பரில் இந்தியா ஆர்செப் என்கிற ஆசிய-பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து கடைசி நேரத்தில் விலகியதற்கு ஒரே ஒரு வாக்கியம். பல காலம் மூலப்பொருள் மட்டும் விற்ற நாடுகள் இப்போது என்ன செய்கின்றன என்பதற்கு ஒரு காணொலிகூட இல்லை.

எட்டாவது வாரம் கொஞ்சம் மீட்டது, ஏனென்றால் சுங்கத்துறைக்காரர் திரும்பி வந்தார். உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்பு முறை எப்படி முடங்கியது என்பதை அவர் சொன்ன விதம் அருமை. மேல்முறையீட்டு அமைப்பில் ஏழு பேர் இருக்க வேண்டும், ஒரு வழக்குக்கு மூன்று பேர் வேண்டும். புது ஆள் நியமனத்தை அமெரிக்கா தொடர்ந்து மறித்தது, 2019 டிசம்பரில் மிச்சம் ஒருவர். டிரம்ப் மட்டும் செய்த வேலை என்று நினைத்திருந்தேன், ஒபாமா காலத்திலேயே, 2011லும் 2016லும், பிடிக்காத உறுப்பினர்களுக்கு மறு நியமனம் தராமல் தடுத்திருக்கிறார்கள். விளைவு என்ன? இந்தோனேசியா 2020 ஜனவரியில் நிக்கல் தாது ஏற்றுமதியை நிறுத்தியது, தாதுவை இங்கேயே உருக்குங்கள் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் வழக்குப் போட்டு 2022 நவம்பரில் ஜெயித்தது. இந்தோனேசியா டிசம்பரில் மேல்முறையீடு செய்தது. யாரிடம்? ஆளே இல்லாத நீதிமன்றத்திடம். வழக்கு அப்படியே தொங்குகிறது, உருக்காலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓட்டையை உண்டாக்கியது பணக்கார நாடு, அதன் வழியே வளரும் நாடும் தாராளமாக நுழைந்து போகிறது.

கடைசிப் பயிற்சி பேச்சுவார்த்தை விளையாட்டு. ஆறு பேர் ஒரு குழு, ஆளுக்கு ஒரு கற்பனை நாடு, உள்நாட்டில் தேர்தல் வேறு. என் நாட்டுக்கு எஃகு ஆலை ஒரே மாகாணத்தில், அந்த மாகாணம் யார் பக்கம் சாய்கிறதோ அவர்தான் ஆட்சி. நான்காவது சுற்றில் நானே, வாஷிங் மெஷின் கணக்கை வகுத்துப் பார்த்த இதே கையால், எஃகுக்கு 30 சதவீதம் போட்டேன். தேர்தலில் ஜெயித்தேன். ஆறாவது சுற்றில் கார் தொழில் படுத்தது, எஃகு விலை ஏறியதால். வரியை எடுக்கலாமா என்று பார்த்தேன், மாகாணம் கைநழுவும் என்று காட்டியது. எடுக்கவில்லை. சரியாக அந்த நேரத்தில் தளம் உறைந்து இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள், ஆட்டம் பாதியில் நின்றது, மதிப்பெண் எல்லோருக்கும் சராசரி.

மதிப்பெண் என்றதும் நினைவுக்கு வருகிறது: கட்டுரைகளை ஆசிரியர்கள் திருத்துவதில்லை, சக மாணவர்கள்தான். என் பெரோன் கட்டுரைக்கு ஒருவர் "நீளம் அதிகம்" என்று மட்டும் எழுதி பத்துக்கு நான்கு போட்டிருந்தார். நீளம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

காணொலிகள் எல்லாம் 2025க்கு முன்பு பதிவானவை, இதைச் சேருமுன் சொல்லவில்லை. ஏப்ரல் அறிவிப்புக்கு ஒரு நான்கு பக்க இணைப்பு மட்டும் உண்டு. ஆனால் அந்த நான்கு பக்கம் நன்றாக இருக்கிறது. நாடுவாரி வரியைக் கணக்கிட்ட சூத்திரத்தை நம் கையாலேயே போட்டுப் பார்க்க வைக்கிறார்கள். வியட்நாமிலிருந்து 2024இல் அமெரிக்கா வாங்கிய சரக்கு 13,660 கோடி டாலர், பற்றாக்குறை 12,350 கோடி. வகுத்தால் 90 சதவீதம், அதில் பாதியை ஒட்டி 46 சதவீதம் என்று அறிவித்தார்கள். அந்த நாடு அமெரிக்கச் சரக்குக்கு உண்மையில் எவ்வளவு வரி போடுகிறது என்பது கணக்கிலேயே வரவில்லை, சேவைத் துறையும் வரவில்லை. அதனால்தான் லெசோத்தோவுக்கு 50 சதவீதம் வந்தது, அமெரிக்காவிடம் பெரிதாக எதுவும் வாங்க வசதியில்லாத குட்டி நாடு. மனிதர்களே குடியிருக்காத ஹேர்ட், மெக்டொனால்ட் தீவுகளுக்கும் அடிப்படை 10 சதவீதம் அறிவித்தார்கள், அங்கே இருப்பவை பெங்குவின்கள்.

சேர்வதானால் சில யோசனைகள். மூன்றாவது, நான்காவது வாரப் பயிற்சிகளைப் பேனா, தாள் வைத்துச் செய்யுங்கள், ஓடவிட்டுப் பார்த்தால் ஒன்றும் நிற்காது. ஆறு, ஏழு வாரங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துவிட்டு, கூடவே லத்தீன் அமெரிக்க வரலாறு எதையாவது தனியாகப் படியுங்கள். ஆங்கிலம் ஓரளவு வருமென்றால் தமிழ் வசன வரிகளை முதல் நாளே அணைத்துவிடுங்கள். வராதென்றால், இப்போதைக்குச் சேர வேண்டாம், அவர்கள் "வழக்கக் கடமை"யைத் திருத்தும்வரை காத்திருங்கள். நான் இரண்டாவது முறையும் எழுதிப் போட்டிருக்கிறேன், இன்றோடு பன்னிரண்டு நாள்.